எங்கள் மனைக்குப் பக்கத்தில் சாரஸ் கொக்கின் கூடு, நடுவில் ஒரு ரோடு: என்ன செய்யலாம்?

பாக்கெட்-நாலு (கேள்வி, ஆகஸ்ட் 14)

எல்லோருக்கும் வணக்கம். தில்லி மயூர் விஹாரில் 22 வருஷமாக இருக்கிறேன். கணக்கு டீச்சர். பறவை பார்க்கிற ஆள் என்று என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது. பையன் பள்ளியில் படிக்கும்போது ஓக்லா பறவைகள் சரணாலயத்துக்கு என்னை வாராவாரம் இழுத்துக்கொண்டு போவான். இப்போது அவன் புனேயில் வேலையில் இருக்கிறான். பைனாகுலர் மட்டும் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் உ.பி.யில் யமுனா எக்ஸ்பிரஸ்வே பக்கம் ஒரு மனை வாங்கினோம். 120 சதுர மீட்டர். ஜேவரில் விமான நிலையம் வருகிறது, இப்போது விட்டால் அப்புறம் கிட்டே போக முடியாது என்று ஆபீசில் ஆளாளுக்குச் சொல்ல, என் கணவர் பி.எஃப். பணத்தில் கைவைத்தார். நானும் தலையாட்டினேன், அதை மறைக்கவில்லை. இடம் எது என்று சரியாக எழுதப்போவதில்லை. தனௌரி சதுப்பு நிலத்திலிருந்து சில கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லைக் கல் இருக்கிறதா என்று பார்க்கப் போனோம். மனைக்கு அந்தப் பக்கம் தாழ்வான நிலம். பாதி நெல், பாதி சம்பும் கோரையும். அதில் இரண்டு சாரஸ் நின்றன. முதலில் யாரோ சிவப்புத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வயலில் நிற்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். என் கணவர் ஐந்தடி ஐந்து அங்குலம். அந்த ஆண் பறவை கழுத்தை நிமிர்த்தினால் இவர் தலைக்கு மேலே எட்டிப் பார்க்கும். ஆணா பெண்ணா என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், பெரியதை ஆண் என்று வைத்துக்கொண்டேன்.

நடுவில் கோரையைப் பிடுங்கிக் குவித்து ஒரு மேடு. வைக்கோல் போர் அமுங்கிப்போன மாதிரி இருந்தது. ஒன்று அதன்மேல் உட்கார்ந்திருந்தது. அது எழுந்து அலகால் எதையோ திருப்பியபோது இரண்டு முட்டைகள் தெரிந்தன. பிறகு மற்றது வந்தது, இது இறங்கியது, அது ஏறி உட்கார்ந்தது. ஷிஃப்ட் மாறுகிற மாதிரி. நாங்கள் கொண்டுபோன எலுமிச்சை சாதத்தைச் சாப்பிடவே மறந்துவிட்டோம்.

இப்போது பிரச்சினை. அந்தத் தாழ்வான நிலத்துக்குக் குறுக்கே புதிதாக ஒரு ரோடு போடுகிறார்கள். மண்ணும் மல்பாவும் (கட்டட இடிபாடு) கொட்டி இடுப்பளவு உயர்த்தியிருக்கிறார்கள். நான் எல்லாவற்றையும் அந்த மேட்டில் நின்றுதான் பார்த்தேன். ரோட்டுக்கு வடக்கே தண்ணீர் தளும்புகிறது. தெற்கே, கூடு இருக்கிற பக்கம், ஒவ்வொரு ஞாயிறும் குறைகிறது. முதல் வாரம் பறவையின் முழங்கால் வரை. போன வாரம் பாதம்தான் மறைந்தது. இத்தனைக்கும் நடுவில் நல்ல மழை பெய்தது. கரையோரம் சேறு வெடிக்க ஆரம்பித்துவிட்டது. மூன்று நாய்கள் அந்தச் சேற்றின் ஓரத்தில் படுத்துக்கொண்டு கூட்டையே பார்க்கின்றன.

இந்த இடத்துக்குச் சட்டத்தில் ஏதாவது பாதுகாப்பு உண்டா? யாரிடம் போய்ச் சொல்வது? ஒரு அலுவலகத்தில் போய்க் கேட்டேன். “மேடம், உங்கள் மனைக்கு ரோடு வேண்டாமா?” என்று கேட்டுச் சிரித்தார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை, ஏனென்றால் அது எங்கள் மனைக்குப் போகிற ரோடுதான். விற்றுவிடலாமா என்றேன் வீட்டில். “நாம விற்றால் வாங்குறவன் என்ன, கொக்குக்கா வீடு கட்டித் தரப்போறான்?” என்கிறார் இவர்.

---

பழைய-ஓக்லா

அக்கா, சட்டத்தை நம்பி நானும் ஒரு காலத்தில் உட்கார்ந்திருந்தேன், எதிர்ப்பக்கத்தில். நொய்டாவில் ஃபிளாட் புக் செய்து, 2013-இல் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவு வந்தபோது மாட்டிக்கொண்ட ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். ஓக்லா சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் கட்டியதற்கு நிறைவுச் சான்றிதழ் தரக்கூடாது என்றார்கள். சாவி கையில் வராமல் வாடகையும் ஈ.எம்.ஐ.யும் சேர்த்துக் கட்டினேன். அந்தக் காலத்தில் எந்தப் பறவையைப் பார்த்தாலும் எரிச்சல் வரும். 2015 ஆகஸ்டில் மத்திய அரசு சூழல் உணர்திறன் மண்டலத்தை, அதாவது சரணாலயத்தைச் சுற்றிக் கட்டுப்பாடு உள்ள பகுதியை, அறிவித்தது. மூன்று பக்கம் 100 மீட்டர், வடக்கே 1.27 கிலோமீட்டர். பத்து கிலோமீட்டர் நூறு மீட்டர் ஆனது. நான் குடிபோனேன். இப்போது காலையில் நடக்கப் போவது அதே ஓக்லாவுக்குத்தான், என்ன சொல்ல.

அதனால் சொல்கிறேன். “பாதுகாக்கப்பட்ட இடம்” என்ற வார்த்தை எதைப் பாதுகாக்கும், எதைப் பாதுகாக்காது என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

ஈரநிலங்களுக்கு 2017-இல் வந்த மத்திய விதிகள் இருக்கின்றன. அறிவிக்கப்பட்ட ஈரநிலத்தில் மண் போட்டு நிரப்பக்கூடாது, கழிவு கொட்டக்கூடாது, பத்து ஆண்டு சராசரி வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது. ஆனால் நெல் வயல் அந்த விதிகளில் ஈரநிலமே இல்லை. உங்கள் இடத்தில் பாதி நெல் என்கிறீர்கள். அங்கேயே வாதம் பாதி போச்சு.

மீதிப் பாதிக்கு ஒரு வழி. 2017-இல் உச்ச நீதிமன்றம், செயற்கைக்கோள் வரைபடத்தில் பதிவான 2,01,503 ஈரநிலங்களையும் அறிவிப்பு வராவிட்டாலும் காப்பாற்ற வேண்டும் என்றது. எல்லாம் 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்டவை. உங்கள் பள்ளம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். அந்த நிலத்தின் கஸ்ரா எண்ணை (சர்வே எண்) லேக்பாலிடம் (நம்மூர் வி.ஏ.ஓ. மாதிரி) வாங்கி, வருவாய்ப் பதிவில் அது வயலா, ஜீலா (ஏரி), தாலாபா (குளம்) என்று பாருங்கள். ஜீல் என்று இருந்தால் உங்கள் கை ஓங்கும்.

முட்டைக்கு 30 நாள் தாங்காது, தெரியும். இன்றைக்கே பேச ஒன்று உண்டு. 1972 வனவிலங்குச் சட்டத்தில் “வேட்டை” என்பதன் விளக்கத்திலேயே பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடக்கம். துப்பாக்கி தேவையில்லை. சாரஸ் உ.பி.யின் மாநிலப் பறவை வேறு. மாவட்ட வன அலுவலருக்கு இதைக் குறிப்பிட்டு எழுதுங்கள், தேதியும் படமும் வைத்து.

---

ஜேவர்-2040

ஒரு ஜோடிக் கொக்குக்காக ரோட்டை நிறுத்தணுமா? இந்தப் பக்கம் வேலை வந்தால்தான் கிராமத்துப் பையன்கள் தில்லிக்கு வந்து பத்துக்குப் பத்து அறையில் கிடக்க மாட்டார்கள். மனை வாங்கியவரே இப்படிக் கேட்பது வேடிக்கை. பறவைக்கு இறக்கை இருக்கிறது, தனௌரிக்குப் பறந்து போகட்டும்.

---

சம்புக்-காடு

ஜேவர் சார், குஞ்சுக்கு இறக்கை வேலை செய்ய ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். அதுவரை நடைதான். அப்பா அம்மா பின்னால் தண்ணீரிலும் வயலிலும் நடந்து நடந்தே வளரும்.

தனௌரி என்ன காலியாகவா இருக்கிறது? அங்கே கூடு கட்டும் ஜோடி ஒவ்வொன்றும் தன் பங்கு இடத்தைப் பிடித்து வைத்திருக்கும், புதிதாக ஒன்று இறங்கினால் துரத்தும். குளிர்காலத்தில், கோடையில் கூட்டமாக நிற்பதைப் பார்த்துவிட்டு எல்லாம் ஒன்றாக இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். மழைக்காலத்தில் அப்படி இல்லை. இந்தியாவில் சாரஸ் பிழைத்திருப்பதே பெரிய ஏரிகளால் மட்டும் அல்ல. உ.பி.யில் எடாவா, மைன்புரி பக்கம் பறவை ஆய்வாளர் கோபி சுந்தர் வருஷக்கணக்காகச் செய்த ஆய்வுகளைப் பார்த்தால், நெல் வயல்களுக்கு நடுவே விட்டுவைத்த சின்னச் சின்னப் பள்ளங்கள் எவ்வளவு முக்கியம் என்று தெரியும். விவசாயி விட்டுவைத்ததால்தான் அது இருக்கிறது. தனௌரிக்குச் சுற்றி வேலி போட்டு ஒரு பலகை மாட்டிவிட்டு மற்ற பள்ளத்தை எல்லாம் மேடாக்கினால், வேலிக்குள் சில ஜோடி மிஞ்சும். கதை அவ்வளவுதான்.

டீச்சரம்மா, இடத்தை எழுதாமல் விட்டதற்குக் கோடி நன்றி. தனௌரியில் ஞாயிற்றுக்கிழமை காலை பார்த்திருப்பீர்கள், கார் வரிசையும் பீரங்கி மாதிரி லென்ஸும். கூடு எங்கே என்று ஒருத்தர் எழுதினால் அடுத்த வாரம் இருபது பேர் சேற்றில் இறங்குவார்கள். பறவை எழுந்து நிற்கும். அது எழுந்து நிற்கிற பத்து நிமிஷம் காக்காய்க்குப் போதும். நீங்கள் ரோட்டு மேட்டிலிருந்தே பாருங்கள், இறங்கவே இறங்காதீர்கள்.

ஒன்று செய்யுங்கள். தேதி, நேரம், எத்தனை பறவை, தண்ணீர் எந்த அளவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கணக்கு டீச்சருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈபேர்ட் இணையதளத்தில் பறவைப் பட்டியலைப் போடுவதாக இருந்தால் குஞ்சு பறந்த பிறகு போடுங்கள். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், அதிலும் இந்தப் பள்ளத்தைச் சேர்க்கலாம். எண்ணிக்கை எழுத்தில் இல்லாத இடம் அரசாங்கத்துக்குக் காலி மனைதான்.

இன்னொன்று, அந்த ரோட்டோரம் மின்கம்பி இழுப்பார்களா என்று கேட்டு வையுங்கள். இவ்வளவு பெரிய உடம்பு, மெல்லிய கம்பி கண்ணில் படுவதற்குள் மோதிவிடும். எடாவா பக்கம் கம்பியில் அடிபட்டுச் செத்த சாரஸ்கள் ஏராளம்.

(அன்றில் என்பது இந்தப் பறவைதானா என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள். போன தடவை அந்தத் திரி நூறு பதிலைத் தாண்டி, இரண்டு பேர் பேசாமல் போனார்கள்.)

---

வேளச்சேரி-வெள்ளம்

நான் சென்னையிலிருந்து மாற்றலாகி துவாரகாவுக்கு வந்தவன். பள்ளிக்கரணையைப் பார்த்து வளர்ந்தவன் என்கிற முறையில் ஒரே ஒரு வரி. அங்கே முதலில் குப்பை வந்தது, அப்புறம் ரோடு வந்தது, ரோட்டுக்குப் பின்னால் மற்றதெல்லாம் தானாக வந்தது. 2007-இல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடு என்று அறிவித்தார்கள். 2022-இல் ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது, இந்த முறை 1,248 ஹெக்டேர். அதற்குள் எங்கள் தெருவில் எத்தனை முறை இடுப்பளவுத் தண்ணீர் வந்தது என்று கேளுங்கள்.

ஒரே வரி என்றேன், நீண்டுவிட்டது. பட்டியலில் பெயர் வரட்டும், நல்லதுதான். ஆனால் அது வரும்வரை அந்த ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.

---

லெவல்-மெஷின்

அம்மா, நான் ஓய்வுபெற்ற சிவில் இன்ஜினியர். பறவை பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் வடக்கே தளும்புகிறது, தெற்கே வற்றுகிறது என்று எழுதினீர்களே, அது பறவைப் பிரச்சினை இல்லை. குழாய்ப் பிரச்சினை.

ரோட்டுக்கு அடியில் எங்காவது சிமெண்ட் குழாய் புதைத்திருப்பார்கள். போய்ப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு குழாய், அதையும் தோண்டி வைக்கச் சோம்பல்பட்டு, கொட்டிய மல்பாவின் மேலேயே உருட்டி வைத்திருப்பார்கள். குழாயின் அடி தரைமட்டத்திலிருந்து ஒரு முழம் மேலே நின்றால், வடக்கே அந்த ஒரு முழத் தண்ணீர் எப்போதும் தேங்கும். அதற்கு மேல் வந்தால்தான் தெற்கே ஒரு சொட்டுப் போகும். மழை எவ்வளவு பெய்தாலும் உங்கள் கூட்டுப் பக்கம் வற்றத்தான் செய்யும்.

அளப்பது சுலபம். பத்து மீட்டர் கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் ட்யூப் வாங்குங்கள், கொத்தனார்கள் வைத்திருப்பது. தண்ணீர் நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்து, ஒரு முனையைக் குழாயின் அடிவிளிம்பிலும் மற்ற முனையைத் தெற்குப் பக்கத் தரையில் நட்ட குச்சியிலும் பிடியுங்கள். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். குச்சியில் அந்த மட்டத்திலிருந்து தரைவரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்தால் முடிந்தது. அந்த ஒரு எண்ணை மனுவில் எழுதுங்கள். “நீரோட்டம் பாதிக்கப்படுகிறது” என்று எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆர்வத்தில் குழாயை ரொம்பக் கீழே இறக்கச் சொல்லாதீர்கள். தரையையும் விட ஆழமாக வைத்தால் அது வாய்க்கால் ஆகிவிடும், வடக்குப் பள்ளம் முழுக்க வடிந்துபோகும். பழைய தரைமட்டம் எதுவோ அதே மட்டம். அகலமாகப் பரவி ஓடுகிற தண்ணீருக்கு ஒரு குழாய் போதாது, தள்ளித் தள்ளி மூன்று நான்காவது வேண்டும். ரோடு அப்படியே இருக்கட்டும், ஜேவர் தம்பிக்கும் கோபம் வராது.

அப்புறம், வடக்கே யார் வயலில் தண்ணீர் தேங்குகிறது என்று பார்த்தீர்களா? அந்த ஆள்தான் உங்களுக்கு வேண்டியவர்.

---

பாக்கெட்-நாலு (செப்டம்பர் 16)

ஒரு மாதம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். நடுவில் அரையாண்டுத் தேர்வுக்குக் கேள்வித்தாள் வேலை.

லெவல்-மெஷின் சார், நீங்கள் எழுதிய மறுநாளே போனோம். குழாய் ஒன்றே ஒன்று. புல்லுக்குள் மறைந்திருந்தது. ட்யூபை இவர் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் பிடித்து, இரண்டு தடவை குமிழி வந்து, மூன்றாம் தடவை சரியாக வந்தது. 41 சென்டிமீட்டர். தெற்கே ரோட்டை ஒட்டித்தான் குச்சியை நட்டோம், கூட்டுப் பக்கம் போகவில்லை.

வடக்குப் பக்கம் நீங்கள் சொன்ன ஆள் இருந்தார். ஊரில் தாவூஜி என்கிறார்கள். எழுபதுக்கு மேல் இருக்கும். மூன்று பிகா நிலத்தில் பாஜ்ரா (கம்பு) அழுகிக் கிடந்தது. நான் சாரஸ் என்று ஆரம்பித்ததும், “அந்த ஜோடி என் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து வருகிறது” என்றார். அதே ஜோடி இருக்க முடியுமா தெரியவில்லை, நான் வாதாடவில்லை. ஒன்றைக் கொன்றால் மற்றதும் உணவில்லாமல் செத்துப்போகும், அந்தப் பாவம் ஏழு தலைமுறைக்கு, அதனால் இந்த ஊரில் யாரும் கைவைப்பதில்லை என்றார். ஆனால் பாஜ்ராவைப் பற்றிப் பேசும்போதுதான் குரல் உயர்ந்தது.

மனுவை அவர் பேரில் எழுதினோம். ஹிந்தியில், என் பக்கத்து வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தார். முதல் வரி பாஜ்ரா. இரண்டாவது வரி 41 சென்டிமீட்டர். மூன்றாவது, எத்தனை குழாய், எந்த மட்டத்தில். நாலாவதில்தான் சாரஸும் 1972 சட்டமும். பழைய-ஓக்லா தம்பி, அதே நகலை வன அலுவலருக்கும் அனுப்பினேன். உ.பி.யில் மாதத்தின் முதல், மூன்றாம் சனிக்கிழமைகளில் தாசில் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது, சமாதான் திவஸ் என்று பெயர். ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை தாவூஜியும் இன்னும் நாலு விவசாயிகளும் கையெழுத்துப் போட்டு, நாங்கள் கூடவே போய் உட்கார்ந்தோம். எங்களைப் பேசவிடவே இல்லை தாவூஜி. நல்லதாகப் போயிற்று. மனை வாங்கிய தில்லிக்கார டீச்சர் பேசியிருந்தால் மறுபடி அதே சிரிப்புத்தான்.

பத்து நாள் கழித்து ஜே.சி.பி. வந்தது. குழாய் மாற்றவில்லை. ரோட்டைக் குறுக்கே ஓரிடத்தில் வெட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஆளுயர அகலம் இருக்கும். ஆனால் தண்ணீர் அன்று சாயங்காலமே தெற்கே பரவியது என்று தாவூஜி போன் செய்தார். அந்த ஞாயிறு போனபோது நாய்கள் ரோட்டு மேட்டுக்கு வந்துவிட்டிருந்தன.

ஒரு முட்டைதான் பொரிந்தது. இன்னொன்று அதற்கு முன்பே போய்விட்டது. நாயா காக்காயா தெரியவில்லை. அந்த வாரம் எனக்குப் பள்ளி இருந்தது, நோட்டில் அந்த ஆறு நாள் வெற்றாக இருக்கிறது. குஞ்சு இலவங்கப்பட்டை நிறம். கோரைக்குள் போனால் தெரியாது, வெளியே வந்தால் இரண்டு பெரிய சாம்பல் தூண்களுக்கு நடுவே ஓடும். போன ஞாயிறு தாய் ஒரு தவளையைப் பிடித்து, கிழித்து, அதன் முன்னால் போட்டது. குஞ்சு எடுக்கவில்லை. தாய் மறுபடி எடுத்து, மறுபடி போட்டது. ஐந்து தடவை எண்ணினேன்.

ஜேவர்-2040, மனை வாங்கியவர் கேட்பது வேடிக்கைதான். ரோடும் வேண்டும், தண்ணீரும் போக வேண்டும் என்கிறேன். அதற்கு நாலு குழாய் செலவு. இதை வளர்ச்சிக்கு எதிரி என்றால், சரி, வைத்துக்கொள்ளுங்கள். விற்பதைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை முடியவில்லை. விற்றால் அந்த ரோட்டுக்குப் போக நமக்கு என்ன வேலை, யார் பார்ப்பார்கள் என்று இப்போது இவரே கேட்கிறார்.

தகவல் உரிமை மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. லேக்பாலிடம் கஸ்ரா எண் வாங்கியாயிற்று. பள்ளத்தின் ஒரு பகுதி ஜீல் என்றே பதிவாகியிருக்கிறது, மீதி நாலு பேருக்குச் சொந்தம். வரைபடத்தில் அளந்து பார்த்தேன், மழைக்காலத்தில் நாலு ஹெக்டேர் வருகிறது. 2.25-ஐத் தாண்டுகிறது.

இப்போது அவசரம் வேறு. தசராவுக்குப் பிறகு ரோட்டுக்குத் தார் போடப்போகிறார்களாம். அதற்கு முன் வெட்டிய இடத்தை மூடிவிடுவார்கள், மறுபடி அதே குழாயை அதே உயரத்தில் வைத்து. நாலு குழாய், பழைய தரைமட்டம் என்று ஒரு படம் வரைந்து கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று அங்கே ஒரு இளநிலைப் பொறியாளர் சொல்லியிருக்கிறார். எனக்கு வட்டமும் முக்கோணமும்தான் வரையத் தெரியும். லெவல்-மெஷின் சார், அடுத்த இரண்டு ஞாயிற்றில் ஒன்று உங்களுக்கு ஒழியுமா? காலை ஐந்தரைக்கு மயூர் விஹாரிலிருந்து எங்கள் கார் கிளம்பும். டிபன் என் பொறுப்பு. ட்யூபும் இருக்கிறது, குமிழி இல்லாமல் நிரப்பக் கற்றுக்கொண்டுவிட்டேன்.

---

லெவல்-மெஷின்

28-ஆம் தேதி வருகிறேன். காரம் குறைவாக. பழைய தரைமட்டம் எது என்று தாவூஜியிடம் ஒரு குச்சி நட்டுவைக்கச் சொல்லுங்கள். அவருக்குத்தான் தெரியும்.